மாப்பிள்ளைக்கு ஹேண்டிகேப் பதினாலு

கோயம்புத்தூர்
8.7.2024

அன்புத் தங்கை சுதாராணிக்கு அண்ணன் பூவனநாதன் எழுதுவது. இங்கே நானும் செல்வியும் சுகம். எனக்குச் சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மச்சான் சக்திகுமார் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று எழுது.

இந்தக் காலத்தில் தபாலா என்று சிரிக்காதே. போனில் நீ பேசினால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் எனக்கு முன்னால் செல்விதான் என் போனைப் பார்க்கிறாள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாம் விசாரிப்பது கல்யாணப் பெண்ணான அவள் கண்ணில் படக் கூடாது. ஒரு முடிவு தெரிகிற வரை நீயும் தபாலிலேயே எழுது.

பையனின் அப்பா மகாராஜா அண்ணாச்சிக்குப் பூர்வீகம் எட்டயபுரம். முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து பம்ப் பட்டறை வைத்தவர், இப்போது பெரிய கம்பெனி. பையன் நவநீதகிருஷ்ணனுக்கு முப்பது வயது. மோட்டாரைச் சோதித்துப் பார்க்கிற பிரிவு அவன் பொறுப்பில் இருக்கிறது. அதிகம் பேசமாட்டான், கேட்டால் பதில் சொல்வான். அப்பாவும் மகனும் ஞாயிற்றுக்கிழமையானால் கோல்ஃப் ஆடப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டர் நடக்கச் சொன்னதற்கும் ஆச்சு, பையனைப் பக்கத்திலிருந்து பார்த்ததற்கும் ஆச்சு என்று கிளப்பில் சேர்ந்துவிட்டேன்.

பையனுக்கு ஹேண்டிகேப் பதினாலு. அண்ணாச்சிக்கு இருபத்திரண்டு. அவரே பெருமையாகச் சொன்னார். எனக்கு இன்னும் போடவில்லை, மூன்று கார்டு கொடுத்தால் போட்டுத் தருவார்களாம்.

ஜாதகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜோசியர் குருசாமியிடம் காட்டிவிட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

கோவில்பட்டி
15.7.2024

அண்ணனுக்கு சுதாராணி எழுதுவது. உங்கள் சர்க்கரை இறங்கியதில் சந்தோஷம். என் முழங்காலைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். முதலில் உங்கள் புத்திக்கு என்ன ஆச்சு என்று சொல்லுங்கள்.

பையனுக்கு ஹேண்டிகேப்பாம், அப்பனுக்கும் ஹேண்டிகேப்பாம், அதைப் பெருமையாக வேறு சொன்னாராம்! கையிலா, காலிலா, கண்ணிலா என்று ஒரு வார்த்தை எழுதினீர்களா? ஊனம் இருந்தால் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் தீப்பெட்டி ஆபீஸில் சுந்தரம்மாள் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள், வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் பெண் கேட்கிற இடத்தில் எதில் எவ்வளவு என்று உடைத்துச் சொல்ல வேண்டாமா?

மனசு கேட்காமல் சுந்தரம்மாளிடமே விசாரித்தேன். "நாப்பதுக்குக் கீழன்னா சர்டிபிகேட்டே குடுக்க மாட்டாவளே யக்கா. பதினாலுக்கு எந்த டாக்டர் குடுத்தான்?" என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். எனக்கு அதுவும் சந்தேகமாகிவிட்டது. அப்பனுக்கு அதிகம், மகனுக்குக் கொஞ்சம் என்றால் பரம்பரையாக வருகிறதா, குறைந்துகொண்டு வருகிறதா? நாளைக்குச் செல்வியின் பிள்ளைக்கு எவ்வளவு இருக்கும்?

இதையெல்லாம் விடுங்கள். எனக்கு இன்னும் போடவில்லை, போட்டுத் தருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம்? எங்கே விழுந்தீர்கள் அண்ணே? செல்விக்குத் தெரியுமா? மதனியும் இல்லாத வீட்டில் உங்களை யார் பார்ப்பார்கள்?

ஜாதகத்தைக் குருசாமியிடம் கொடுக்கவில்லை. பீரோவில் இருக்கிறது. உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சுதாராணி

*

கோயம்புத்தூர்
22.7.2024

அடி என் தங்கச்சி சுதாவுக்கு,

நான் விழவில்லை. எனக்கு இரண்டு கையும் இரண்டு காலும் இருக்கின்றன. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் டீ புரையேறி, செல்வி வந்து தலையில் தட்டினாள். "என்னப்பா, யாரு எழுதியிருக்கா?" என்றாள். இன்சூரன்ஸ் என்று சொல்லி மறைத்துவிட்டேன்.

ஹேண்டிகேப் என்பது இந்த ஆட்டத்தில் ஒரு சலுகை. தெருவில் ஓட்டப்பந்தயம் வைக்கும்போது சின்னப் பிள்ளையைப் பத்தடி முன்னால் நிறுத்துவோமே, அதுதான். மொத்தம் பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழிக்கும், கைதேர்ந்தவன் இத்தனை அடியில் பந்தைப் போட்டுவிடுவான் என்று ஒரு கணக்கு. அதற்குப் பெயர் பார். சில குழிக்கு மூன்று, சிலதுக்கு ஐந்து, நிறையக் குழிக்கு நாலு. எல்லாம் சேர்த்து எழுபத்திரண்டு. நவநீதன் எண்பத்தாறு வாக்கில் அடிப்பான், அதனால் அவனுக்குப் பதினாலு அடி சலுகை. ஆகவே ஹேண்டிகேப் குறைவாக இருந்தால்தான் கெட்டிக்காரன். உனக்குப் பரம்பரை வியாதி பயம் வேண்டாம்.

மூன்று ஆட்டத்தின் அடிக்கணக்கை எழுதிய கார்டுகளைக் கொடுத்ததும் எனக்கும் போட்டுவிட்டார்கள். முப்பத்திநாலு. குழிக்கு ஒன்று வீதம் பதினெட்டுப் போக மிச்சம் பதினாறு. ஆக, பதினாறு குழியில் எனக்கு இரண்டிரண்டு அடி சலுகை, கஷ்டம் குறைந்த இரண்டு குழியில் ஒன்று. பார் நாலு என்றால் எனக்கு மட்டும் அது ஆறு. என் கணக்குப்படி அடித்தால் இரண்டு பாயிண்ட். ஓர் அடி குறைத்தால் மூன்று, கூடினால் ஒன்று. இரண்டு கூடினால் சைபர், அதற்கு மேல் எத்தனை அடித்தாலும் சைபர்தான், பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஸ்டேபிள்ஃபோர்டு முறை என்கிறார்கள். பதினெட்டுக்கும் சேர்த்து முப்பத்தாறு பாயிண்ட் வந்தால் அவனவன் தகுதிக்கு ஆடியிருக்கிறான் என்று அர்த்தம். நானும் அண்ணாச்சியும் நவநீதனும் ஒரே மைதானத்தில் சமமாகப் போட்டி போடலாம். நல்ல ஏற்பாடு இல்லையா?

முதலில் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் குருசாமியிடம் கொடு.

அன்புடன்,
அண்ணன்

*

கோவில்பட்டி
4.8.2024

அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் முழுசாக இருப்பதில் சந்தோஷம். நாங்களும் நன்றாக இருக்கிறோம். வெயில் இன்னும் அடங்கவில்லை, தீக்குச்சி நன்றாகக் காய்கிறது. எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று குருசாமி சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினெட்டுக் கட்டம் போட்டு, உங்களுக்குப் பதிலாக நானே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். முப்பத்தொரு பாயிண்ட் வந்தது. உங்கள் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, வீட்டுக்கு மாவு இல்ல, இவ கோல்ஃபு ஆடுதா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சில சந்தேகங்கள், விலாவாரியாகப் பதில் எழுத வேண்டும்.

எத்தனை அடி அடித்தான் என்று யார் எண்ணுவது? ரெஃப்ரி உண்டா? புதருக்குள் பந்து போய்விட்டால் அங்கே எத்தனை அடி என்று எவனுக்குத் தெரியும்? அப்புறம் முக்கியமான கேள்வி. ஆட்டம் தெரியாதவனுக்குத்தான் சலுகை என்றால், தெரிந்தவனும் தெரியாத மாதிரி நடிக்க மாட்டானா?

இன்னொன்று. நீங்கள் மூன்று வருஷம் நம்ம ஊர் ஹாக்கி டீமில் சென்டர் ஹாஃப் ஆடியவர். பந்தைக் கட்டையால் அடிக்கிறவனுக்கு எது ஆனால் என்ன? அது அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்துமா முப்பத்திநாலு கொடுத்தார்கள்?

பையனைப் பற்றி இன்னும் எழுதுங்கள். சாப்பிடும்போது எப்படி, கோபம் வந்தால் எப்படி? செல்வி பார்த்தாளா, என்ன சொல்கிறாள்? நீங்கள் கொடுத்த கார்டுகளை நகல் எடுத்து அனுப்புங்கள், எனக்கு அதைப் பார்க்காமல் தூக்கம் வராது.

சுதாராணி

*

கோயம்புத்தூர்
20.8.2024

சுதாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. உனக்கும் மச்சானுக்கும் அதைத்தான் சொல்வேன், நடங்கள்.

ரெஃப்ரி கிடையாது. எனக்கு நீ எண்ண வேண்டும், உனக்கு நான் எண்ண வேண்டும். முடிந்ததும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கார்டைக் கொடுக்க வேண்டும். புதருக்குள் போனால் அவனவன் சொல்வதுதான். கேட்டதும் எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

போன வாரம் ஒரு கூத்து. நவநீதன் அடிக்கக் குனிந்தான், நிமிர்ந்தான். "மாமா, பந்து அசைஞ்சிட்டு. எனக்கு ஒண்ணு கூட்டிக்கோங்க" என்றான். நான் பார்க்கவில்லை, அவன் அப்பா பார்க்கவில்லை, பந்தின் அசைவு அவனைத் தவிர ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. கூட்டச் சொல்லிவிட்டு எதுவும் நடக்காதது போல நடந்துவிட்டான். பைத்தியக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். மற்றபடி தங்கம். சாப்பாட்டில் குறை சொல்வதில்லை. இங்கே பெரிய பெரிய மில்காரர்கள் வருகிறார்கள், தீப்பெட்டிக்காரன் என்று என்னை ஒருவரிடமும் அவன் குறைத்துப் பேசவிட்டதில்லை.

செல்வியும் அவனும் இரண்டு முறை ஹோட்டலில் பேசிவிட்டார்கள். இப்போதெல்லாம் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் தோசை ஊற்றுகிறாள். நீ பார்த்தால் கண் நிறையும்.

கார்டு மூன்றையும் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் அண்ணாச்சிதான் எண்ணினார். நூற்றெட்டு, நூற்றுப் பதினொன்று, நூற்றுப்பத்து. வயசான காலத்தில் இவ்வளவுதான் முடிகிறது. காலையில் நவநீதனோடு சும்மா பழகிப் பார்க்கிற நாளில் நன்றாக வருகிறது. போன புதன்கிழமை தொண்ணூற்றாறு! விஜயதசமியை ஒட்டிக் கிளப்பில் ஒரு கப் வைக்கிறார்கள். உன் அண்ணன் பெயரும் அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
பூவனநாதன்

*

கோவில்பட்டி
3.9.2024

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். செல்வி பாட்டுப் பாடுகிற சேதியைப் படித்து உங்கள் மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

கார்டுகளைப் பார்த்தேன். உட்கார்ந்து பாயிண்ட் போட்டேன். உங்கள் கால் எப்படி இருக்கிறது அண்ணே? ஏன் கேட்கிறேன் என்றால், முதல் கார்டில் பதினாலு குழி வரைக்கும் முப்பத்துமூன்று பாயிண்ட் எடுத்திருக்கிறீர்கள். கடைசி நாலு குழியில் ஒரே ஒரு பாயிண்ட். எட்டு, எட்டு, ஏழு, எட்டு. இரண்டாவது கார்டில் எட்டு, ஏழு, எட்டு, எட்டு. மூன்றாவதிலும் அப்படியே. பதினைந்தாவது குழி வந்ததும் உங்களுக்கு என்ன ஆகிறது? மூச்சு வாங்குகிறதா? கால் வீங்குகிறதா? அங்கே மேடா, பள்ளமா? தொண்ணூற்றாறு அடித்த புதன்கிழமை மட்டும் கால் வலிக்கவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

ஹாக்கியைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. மறந்திருப்பீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. உங்கள் ஹேண்டிகேப்பை நம் வீட்டு கேரம் போர்டில் கொண்டுவந்தேன். உங்கள் மச்சான் என்னிடம் தோற்றுக்கொண்டே இருந்தாரா, பாவம் என்று அஞ்சு பாயிண்ட் முன்னாலேயே கொடுத்தேன். அப்பவும் தோற்றார். எட்டாக்கினேன், பத்தாக்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை, தோற்கிறவர் ஒரு வாரம் பாத்திரம் விளக்க வேண்டும் என்று பந்தயம். மனுஷன் என்னை உட்கார வைத்து அடித்தார் பாருங்கள்! பத்துப் பாயிண்ட் இல்லாமலே ஜெயித்திருப்பார். "அத்தன நாளும் வேணும்னேதான் தோத்தேன், கோட்டிக்காரி" என்று சிரிக்கிறார். நானே பாத்திரம் விளக்குகிறேன்.

கால் விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள்.

சுதாராணி

*

கோயம்புத்தூர்
17.10.2024

சுதாராணிக்கு,

சுகம்.

நவநீதகிருஷ்ணன் சம்பந்தம் நமக்கு வேண்டாம். குருசாமியிடம் ஜாதகத்தைத் திரும்ப வாங்கி வைத்துவிடு. பையனுக்குப் பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு கப் ஆட்டம். நாற்பத்தைந்து பாயிண்ட் எடுத்து நான்தான் முதல். அடுத்து வந்தவருக்கு முப்பத்தெட்டு. மில்காரர், பம்ப்காரர், டாக்டர், வக்கீல் அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள். கோவில்பட்டிக்காரன் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். நான் மேடைக்குப் போக எழுந்த நேரத்தில் இவன் பக்கத்தில் வந்து என் காதில் ஒன்று சொன்னான். என்ன சொன்னான் என்று நீ கேட்காதே, நான் எழுதமாட்டேன். என் கார்டுக்கு அவன்தான் அன்றைக்கு எண்ணினான், கையெழுத்தும் போட்டான். போட்டுவிட்டு இப்படி ஒரு வார்த்தை. நான் கப்பை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செல்வி ஏன் ஏன் என்று கேட்கிறாள். பையன் சரியில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வேறு இடம் பார்க்கலாம்.

பூவனநாதன்

*

கோவில்பட்டி
24.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? இங்கே மழை பிடித்துக்கொண்டது. கரிசல் செருப்போடு ஒட்டிக்கொண்டு வாசல் வரை வருகிறது. குச்சி காயவில்லை, நாலு நாளாகப் பாதி வேலைதான். அதனால் உட்கார்ந்து யோசிக்க எனக்கு நேரம் கிடைத்தது.

ஜாதகத்தைத் திரும்ப வாங்கவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்வதைக் கோபப்படாமல் படியுங்கள். படித்துவிட்டுக் கோபப்படுங்கள், பரவாயில்லை.

முப்பத்தாறு எடுத்தால் தகுதிக்கு ஆடியதாக அர்த்தம் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். உங்கள் தகுதி எழுபத்திரண்டும் முப்பத்திநாலும் சேர்ந்து நூற்றாறு. நாற்பத்தைந்து என்றால் ஒன்பது பாயிண்ட் கூட. அப்படியானால் கப் அன்றைக்கு நீங்கள் அடித்தது தொண்ணூற்றேழு. புதன்கிழமை சும்மா ஆடியபோது தொண்ணூற்றாறு. அப்போ கப் அன்றைக்கு நீங்கள் ஒன்றும் அதிசயமாக ஆடவில்லை அண்ணே, எப்போதும் போலத்தான் ஆடியிருக்கிறீர்கள். அதிசயமெல்லாம் கார்டு கொடுத்த அந்த மூன்று நாளில்தான் நடந்திருக்கிறது.

உங்கள் கால் வலிக்கவில்லை. நான்தான் கூறுகெட்டுப்போய் டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டிக் கட்டில் ஒரு பெட்டி குறைந்தால் கையில் தூக்கியதுமே கண்டுபிடிக்கிறவள் நான், கூடப்பிறந்த அண்ணன் என்றதும் கண் மூடிக்கொண்டது. ஹாக்கி ஆடிய விஷயத்தை நீங்கள் அங்கே சொல்லவே இல்லை, சரிதானே?

பையன் காதில் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு எல்லாம் தெரியும். காலையில் உங்களோடு ஆடியவன் அவன், கப் அன்றைக்கு எண்ணியவனும் அவன். யாருமே பார்க்காத ஒரு அடியைத் தன் கணக்கில் கூட்டச் சொன்ன பிள்ளை அது. செல்விக்கு வேறு இடம் எங்கே பார்ப்பீர்கள்? யோசியுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது.

சுதாராணி

*

கோயம்புத்தூர்
8.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

நல்லாயிருக்கீங்களா? மாமா நலமா? தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய கடலைமிட்டாயும் சேவும் வந்தன. அப்பா தொடவில்லை.

அப்பா உங்களுக்குத் தபால் எழுதுவது எனக்கு முதல் வாரமே தெரியும். இன்சூரன்ஸ்காரன் எவன் அத்தை 'அண்ணனுக்கு' என்று ஆரம்பித்து எழுதுவான்? அதற்கு மேல் நான் எதையும் படிக்கவில்லை. படித்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

கப் வாங்கிய நாளிலிருந்து அப்பா சரியாகப் பேசுவதில்லை. கிளப்புக்கும் போவதில்லை. கப்பை பிரிட்ஜ் மேல் வைத்தார், பிறகு அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். நவநீதனிடம் கேட்டேன். "அது மாமா சொல்ல வேண்டியது, நான் சொல்லக் கூடாது" என்கிறார். எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில். ஒரு மாதமாகக் கேட்கிறேன் அத்தை. அழுதுகூடப் பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒன்றை மறைக்கிறவர் நாளைக்கு எதைத்தான் சொல்வார்? நேற்று நானே போன் பண்ணி, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சரி செல்வி" என்றார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நான் செய்தது சரியா அத்தை?

அன்புடன்,
இசக்கிச்செல்வி

*

கோவில்பட்டி
14.11.2024

அண்ணனுக்கு,

செல்வியின் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். படியுங்கள். அவளுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத வேண்டியது நானில்லை.

அந்தப் பிள்ளை உங்களைக் காட்டிக்கொடுக்காமல் பொண்ணையே விட்டுவிட்டு நிற்கிறான். இன்னும் எத்தனை பாயிண்ட் வேண்டும் உங்களுக்கு?

சுதாராணி

*

கோயம்புத்தூர்
9.12.2024

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் இரண்டு பேரும் சௌகரியமா? உன் முழங்காலைப் பற்றிக் கேட்டே ஐந்து மாதம் ஆகிவிட்டது. என்னை மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. அதில் பத்து நாள், செல்வி எழுதியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா திரிந்தேன். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? நீ எழுதியது அத்தனையும் நிஜம். முதல் நாள் கட்டையைக் கையில் வாங்கியதும் பந்து சொன்ன இடத்துக்குப் போனது. அண்ணாச்சி, "முன்னப் பின்ன ஏதாச்சும் ஆடியிருக்கியளா?" என்று கேட்டார். வாழ்க்கையில் கட்டையைத் தொட்டதே இல்லை என்று சொல்லிவிட்டேன். பெண்ணைக் கொடுக்கிற இடம், நம்மை விடப் பெரிய இடம். அங்கே ஒருநாளாவது எல்லாருக்கும் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது சுதா. பதினைந்தாவது குழியில் போய் நின்றதும் கை தானாகவே தப்பாக அடித்தது.

முதலில் செல்வியைத்தான் உட்கார வைத்துச் சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் நான் கள்ள ஆட்டம் ஆடினேன் என்று சொல்வது இருக்கிறதே, அதை உனக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது. "இதுக்காப்பா அவிய ஒரு மாசமா என்கிட்ட அத்தன ஏச்சு வாங்குனாவ?" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் கமிட்டியில் போய்க் கப்பை மேஜையில் வைத்தேன். ஹாக்கி ஆடியதைச் சொன்னேன், மூன்று கார்டையும் பற்றிச் சொன்னேன். செயலாளர், இரண்டாவது வந்தவருக்குக் கப்பைக் கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு ஹேண்டிகேப் இருபத்துமூன்றாகக் குறைந்துவிட்டது. ஆறு மாதம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்றார். சரி என்று வந்துவிட்டேன். அண்ணாச்சிக்கும் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றார்.

அவன் காதில் சொன்னதை இப்போது எழுதுகிறேன். "மாமா, நீங்க ஹாக்கி ஆடுன கை. கட்டையப் பிடிச்ச மொத நாளே எனக்குத் தெரியும். இந்தக் கப்பு நமக்கு வேண்டாம் மாமா." அவ்வளவுதான். அன்றைக்கு அது எனக்குச் செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து, சட்டைப் பையில் செல்வியின் கடிதத்தோடு நடந்துகொண்டிருக்கும்போதுதான் காதில் விழுந்தது. உங்களுக்கு வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை சுதா. நமக்கு வேண்டாம் என்றான்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன்தான் கதவைத் திறந்தான். இளைத்திருக்கிறான். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, "செல்விகிட்ட நானே சொல்லிட்டேன் மாப்ள" என்றேன்.

"எதை மாமா?" என்றான்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உண்மையாகவே ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்கிறான். அவன் அப்பா, அம்மா, சமையற்கார அம்மாள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் அந்த வாசலில் நின்று அழுதேன். அவன் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். சாயங்காலம் செல்வி வந்து அவனைப் பின்பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சண்டை போட்டாள். சண்டை முடிந்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

தை மாதக் கடைசியில் நாள் பார்த்திருக்கிறார்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடு. இனிமேல் நீ போனிலேயே பேசலாம், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும்.

உன் அண்ணன்,
பூவனநாதன்